தலைக்கு மேல் கை விரித்து நின்றவர்

போன மாதம் ஹெட்போனை ஒப்படைத்துவிட்டு, படி இறங்கி வந்துவிட்டேன். ஒன்பது வருஷம் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. எங்கள் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். இனி அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்யும். அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க ஆறு பேரை மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான ஜெனிபர் கடைசி நாளன்று என்னை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பென்சன் இல்லாத ரிட்டயர்டு ஆளு. நேரம் நெறையாக் கெடக்கும். மெஷினு எங்கெங்க தப்புப் பண்ணும்னு எழுதிக் குடுங்கக்கா. நாங்க அதப் பாத்துத் தப்பிச்சுக்கிறோம்."

எழுத உட்கார்ந்தேன். பட்டியல் போட்டேன், கிழித்தேன். மென்பொருள் என்ன தப்புச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கே தூரத்தில் ஒரு குளிர் நாடு. பெயரைச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், வேலையை விட்ட பிறகும் அது செல்லும். அந்த நாட்டில் இருக்கும் தமிழர் ஒருவர், அங்குள்ள பாஷை தெரியாதவர், ஆஸ்பத்திரிக்கோ போலீசுக்கோ போன் செய்வார். "தமிழ், தமிழ்" என்பார். அங்கே இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். மதுரைத் திருநகரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற எங்களில் ஒருவருக்கு மணி அடிக்கும். அங்கிருப்பவர் ஆங்கிலத்தில் பேசுவார். நாங்கள் தமிழில் சொல்வோம். தமிழில் வருவதை ஆங்கிலத்தில் சொல்வோம்.

இந்த வேலை கிடைத்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு இன்றும் கைநாட்டுத்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே என் பேச்சிலிருந்து 'அம்புட்டு', 'இம்புட்டு' எல்லாவற்றையும் களையெடுக்கிற மாதிரி பிடுங்கிப் போட்டேன். பெருமையாகத்தான் செய்தேன். மூன்று மாதப் பயிற்சியில் முதல் ஆளாகத் தேறினேன்.

பயிற்சியில் படித்ததெல்லாம் ஒரே விதிக்குள் அடங்கும். போனில் பேசுபவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு நெஞ்சு வலிக்கிறது' என்று சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விளக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 'என் குழந்தை மூச்சு விடவில்லை' என்று ஒரு நாளில் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். அது யாருடைய குழந்தை என்று வாய்க்குத் தெரியாது. முதல் வருஷம் முழுக்க, கல்யாணம் ஆகாத எனக்குக் குழந்தை செத்துப்போகிற கனவு வந்துகொண்டிருந்தது.

எங்கள் மேலாளர் ராதா மேடம். சௌராஷ்டிரர். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தன் அம்மாவோடு போனில் அவர்கள் பாஷையில் கலகலவென்று பேசிவிட்டு, போனை வைத்த மறு நொடி எங்களிடம் செய்தி வாசிப்பவர் மாதிரித் தமிழ் பேசுவார். கோபம் வந்தாலோ பாடம் எடுத்தாலோ மட்டும் மதுரைப் பேச்சு வந்துவிடும். பதிவான அழைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போகும். ஒரு கணு, ஒரு நொடி. பேச்சுக்கு நடுவே எத்தனை நொடி சும்மா இருந்தோம் என்று எண்ணுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால் மூச்சு விடாமல் நிற்போம்.

"கொழாயில வர்ற தண்ணியில கொழாயோட ருசி இருக்கக் கூடாதுடி" என்பார். விதியை அதற்கு மேல் சுருக்க முடியாது.

விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சொன்ன வார்த்தையை மட்டும் வைத்து எதிராளிக்குப் புரியாது, ஊர் வழக்கம் தெரிந்தால்தான் புரியும் என்கிற இடத்தில், 'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு நம் குரலில் ஒரு குறிப்புக் கொடுக்கலாம். அதைப் பதிவேட்டில் காரணத்தோடு எழுத வேண்டும். எல்லோரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு எழுதினார்கள். நான் நாலு வருஷமாக ஒன்றுகூட எழுதவில்லை. என் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை அடிக்கடி புரட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த நாட்டிலிருந்து எங்களுக்குச் சொற்பட்டியல் வரும். நோய்கள், மருந்துகள், சாலை விபத்துகள். சாலையில் குறுக்கே வரும் மிருகங்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரு மிருகத்துக்கு மூன்று பெயர்கள். அந்த ஊர்ப் பாஷையில் ஒன்று. அமெரிக்க ஆங்கிலத்தில் மூஸ். மற்றவர்களின் ஆங்கிலத்தில் எல்க். அமெரிக்காவில் எல்க் என்றால் அது வேறு மிருகமாம். தமிழுக்கான கட்டத்தை ராதா மேடம் காலியாக விட்டிருந்தார். "பாக்காத மிருகத்துக்கு நாம பேரு வைக்க வேணாம். வந்தா வர்ணிச்சுச் சொல்லுங்க" என்றார்.

காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நூலகத்துக்குப் போய்ப் பழைய அகராதி ஒன்றைப் புரட்டினேன். எல்க் என்பதற்கு நேரே 'கடமான்' என்று இருந்தது. கொண்டுவந்து எழுதிவிட்டேன். படத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அது மார்கழி மாதம். மதியம் ஒன்றரை மணி. மார்கழியானாலும் கண்ணாடி வழியாக வெயில் மேசையில் விழுந்து சுட்டது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். மணி அடித்தது. அங்கே காலை ஒன்பது. ஆனால் அந்த மாதத்தில், அந்த நாட்டின் வடகோடியில், ஒன்பது மணிக்கும் கும்மிருட்டுத்தான்.

அங்கே அவசர உதவி மையத்தில் ஒரு அம்மா. நிதானமான குரல். என்னை அறிமுகம் செய்துகொண்டேன். பிறகு போன் செய்தவரின் குரல் வந்தது, ஒரு ஆண் குரல்.

"ஹலோ, தமிழா? தமிழ்தானங்க?"

"ஆமாம். சொல்லுங்கள்."

"வாசல்ல பெரியவுக நிக்கிறாக."

திறந்து வைத்த டப்பாவை மூடினேன்.

குரலிலேயே ஊர் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம், இல்லையென்றால் இரண்டு ஊர் தள்ளி. எங்கள் பக்கத்தில் இருட்டில் பயமுறுத்துகிற எதையும் பெயர் சொல்ல மாட்டோம். பாம்பைக்கூடப் பாம்பு என்பதில்லை. கண்மாய்க் கரையில் எதையோ பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள், தண்ணீர் குடித்துவிட்டு, மரியாதைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார். நின்னாக, பார்த்தாக, போயிட்டாக. பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். அவருடைய வாசலில் நிற்பது மனிதர் இல்லை. அதை அவர் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் வாசலில் வயதானவர் ஒருவர் நிற்கிறார்."

விதிப்படி சரி. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

அவர் ஒரு ஓட்டலில் சமையல்காரர். காட்டோரத்தில் தனியாக ஒரு மரக் குடிசை கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்திருக்கிறார், உடனே சாத்திவிட்டார்.

"அவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அந்த அம்மா.

"தெரியாதுங்க. இப்பிடி ஒருத்தவுகளப் பாத்ததே இல்ல."

"எவ்வளவு நேரமாக நிற்கிறார்?"

"நான் எந்திரிச்சதுலருந்து ஜன்னல்ல நெழலு தெரிஞ்சுச்சு. இங்கதான் விடியவே மாட்டேங்குதே."

"கையில் ஏதாவது வைத்திருக்கிறாரா?"

"கையா..." அவர் கதவிடுக்கில் பார்த்திருக்க வேண்டும். "தலைக்கு மேல ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருக்காக. வெரல்வெரலா இருக்கு. எண்ண முடியல."

"இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்து வைத்திருக்கிறார். விரல்களை என்னால் எண்ண முடியவில்லை" என்றேன். சொல்லும்போது என் கண் முன்னால் ஒரு உருவம் வந்துவிட்டது. மேசை மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, நான் இருட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன உடுத்தியிருக்கிறார்?"

"ஒண்ணும் உடுத்தல."

"நடுங்குகிறாரா?"

"அசையவே இல்லங்க. மூக்குலருந்து மட்டும் பொகை வருது."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் வேகமாகக் கேட்டது. அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஊரில் ஞாபகம் தப்பிய வயதானவர்கள் வீட்டைவிட்டு இருட்டில் கிளம்பிவிடுவது உண்டு. விறைத்துச் சாகப்போகிறவர்கள் துணியைக் கழற்றி எறிந்துவிடுவதும் உண்டு. "மைனஸ் இருபது" என்றார். "வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அதுவரை அவர் தாங்கமாட்டார். வெளியே போங்கள். ஒரு போர்வையை அவர்மேல் போர்த்துங்கள். மெதுவாகப் பேசி உள்ளே கூட்டி வாருங்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அவர், "போத்தவா? அவுகளையா?" என்றார்.

"அவரையா போர்த்த வேண்டும்?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாம். அவரைத்தான்."

"ஆமாம். அவரைத்தான்."

"தங்கச்சி." இது என்னிடம் கேட்டது. "நெசமாத்தான் சொல்றாகளா?"

என்னிடம் கேட்பதையும் எதிராளியிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். "நிஜமாகத்தான். சீக்கிரம்" என்று பதில் வந்தது. அதையும் சொன்னேன்.

போர்வையை உருவுகிற சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் விலகியது. காலடியில் பனி நொறுங்கும் சத்தம், கல் உப்பை மிதிப்பது போல. மூன்று அடி. நாலு. பிறகு நின்றுவிட்டது. அவருடைய மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சும் கேட்டது. மெதுவாக உள்ளே போய், வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. அந்த மூச்சுக்கு ஒரு மனிதரின் நெஞ்சு போதாது.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றேன். "அது மனிதர் இல்லை."

"என்ன?"

"அவர் ஊரில் இருட்டில் பயப்படுவதைப் பெயர் சொல்ல மாட்டார்கள். மனிதரைப் போலச் சொல்வார்கள். அது என்னவென்று எனக்கும் தெரியாது."

அந்த அம்மா ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டார். "உருவத்தைச் சொல்லச் சொல்லுங்கள்."

"அண்ணே, அசையாதீங்க. அவுக எப்பிடி இருக்காக? மேலருந்து சொல்லுங்க." எட்டொன்பது வருஷமாக என் வாயில் வராத பேச்சு அது.

அவர் கிசுகிசுத்தார். "எரும ஒடம்பு தங்கச்சி. ஆனா அம்புட்டு ஒசரம். காலு ஒட்டகத்துக் காலு, என் நெஞ்சு மட்டுக்கும் காலுதான். மூஞ்சி கழுத மூஞ்சி, மேல் ஒதடு மட்டும் தொங்குது. தாடைக்குக் கீழ ஒரு பை ஆடுது. கையில்ல, கொம்பு. முறம் மாதிரி கொம்பு."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் சொன்னபோது அது இன்னும் மோசமாக இருந்தது. ஒவ்வொரு துண்டும் எனக்குத் தெரிந்த மிருகம். சேர்ந்து நின்றது தெரியாதது. அந்த அம்மா தன் பாஷையில் ஒரு சொல்லைத் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார். எல்க்.

எனக்கு உயிர் வந்தது. பட்டியலில் நான் நிரப்பிய கட்டம்! "அண்ணே, பயப்படாதீங்க. அது வெறும் கடமான்."

"கடமானா?" அவர் குரல் மாறிவிட்டது. "சதுரகிரி ஏறயில எத்தன கடமானப் பாத்துருக்கேன். கடமானு எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. நீயுமா தங்கச்சி பொய் சொல்ற?"

அதுவரை என்னை நம்பித்தான் நின்றார். அந்தச் சொல்லோடு அதுவும் போயிற்று.

"காதைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மா.

"காது பின்னாலப் படுத்துருச்சு. பெடரி மயிரு நிமிருது."

"ஓடச் சொல்லுங்கள்! மரத்துக்குப் பின்னால்!"

"மரத்துக்குப் பின்னாடி ஓடுங்கண்ணே!" கூண்டுக்கு வெளியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஓடுகிற சத்தம் வரவில்லை, துணி உதறும் சத்தம் வந்தது. ஏதோ ஒன்று மோதும் சத்தம். "ஆத்தா" என்று ஒரு குரல். போன் பனியில் விழுந்தது.

அவசர மையம் சொல்லாமல் நாங்கள் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பனி நொறுங்கியது, நிதானமாக, நாலு கால்களின் கணக்கில். அந்தச் சத்தம் வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அந்த மூச்சு போன்மேல் குனிந்தது. என் காதுக்குள் வந்தது. உள்ளே இழுத்தது. வெளியே விட்டது. ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். கை எழவில்லை. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மா, ஏதாவது சொல்வேன் என்பது போல, எனக்காகக் காத்திருந்தார்.

வெகு நேரம் கழித்து, "வண்டி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றி" என்றார். "அவர்..." என்று ஆரம்பித்தேன். இணைப்பு இல்லை.

பிழைத்தாரா, இல்லையா? எங்களுக்கு ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

ராதா மேடம் மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டார். கண்ணை மூடி, கணுக்களை எண்ணிக்கொண்டு கேட்டார். எதிரே நின்றேன். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"மனுசன் இல்லன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அவர் கதவைத் திறந்து வெளியே..."

"பொய் சொல்லாத."

"முதல் வார்த்தையிலேயே மேடம்."

"அதுக்கப்பறம் மூணு நிமிசம் நாப்பது செகண்டு. என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"விதிப்படி..."

"விதிய உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான். எங்கிட்டயே விதியப் பேசுறியா?"

மில் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "இருட்டில் எங்க ஆட்கள் பேர் சொல்ல மாட்டாங்கன்னு அந்த அம்மாகிட்டச் சொன்னா, நானும் அந்த ஆட்கள்ல ஒருத்தின்னு தெரிஞ்சுரும். அதான் மேடம்" என்றேன்.

ராதா மேடம் என்னையே பார்த்தார். "அந்தம்மா எங்கயோ ஆறாயிரம் மைலுக்கு அங்கிட்டு ஒக்காந்திருக்கு. நீ எந்த ஊருக்காரின்னு தெரிஞ்சு அது என்னடி செய்யப்போகுது?"

மதிப்பெண் தாளை என் பக்கம் தள்ளினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. "எடுத்துக்கிட்டுப் போ. துல்லியமா மொழிபெயர்த்திருக்க."

அதற்குப் பிறகு மூன்று வாரம், ஒவ்வொரு மணியையும் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். நாலாவது வாரம் ஒரு ஆஸ்பத்திரி. எங்களுக்கு மதியம், அங்கே விடியாத காலை. ஒரு டாக்டர், நடுத்தர வயதுக் குரல். விலா எலும்பு முறிந்த நோயாளியைச் சோதிக்கிறாராம். நோயாளி, "வணக்கங்க" என்றார்.

அவர்தான். உயிரோடு இருந்தார். அழுகை வந்தது. குழாய்க்கு அழுகை கூடாது. மொழிபெயர்த்தேன்.

"எப்படி அடிபட்டது?" என்றார் டாக்டர்.

"போர்வையப் போத்துனேன். போத்தச் சொன்னாக, போத்துனேன்."

"யார் சொன்னார்கள்?"

"போன்ல ஒரு புள்ள. பேச்சுதான் படிச்ச பேச்சு. ஆளு நம்ம பக்கம். அதுக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் போகச் சொல்லுச்சு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "போனில் ஒரு பெண். பேச்சுதான் படித்த பேச்சு. ஆள் எங்கள் பக்கம். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போகச் சொன்னாள்." ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை. என் குரலை அடையாளம் கண்டுகொண்ட நோயாளி மெதுவாக, "ஓ" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"போர்வை கொம்புல மாட்டிக்கிருச்சு" என்றார். "அதோடவே காட்டுக்குள்ள போயிட்டாக."

இதைச் சொன்னதும் டாக்டர் எலும்பை விட்டுவிட்டுப் போர்வையைப் பற்றிக் கேட்டார்.

"என்ன நிறம்?"

"செகப்பு."

டாக்டர் நோயாளிக்காகப் பேசவில்லை, தனக்காகப் பேசினார். "இந்த மிருகங்களோடு வளர்ந்தவன் நான். வேட்டையாடியிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை, இருட்டில், சாலையில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. முன்னால் ஒன்று நின்றது. தலையிலிருந்து சிவப்பாக ஏதோ தோள்மேல் விழுந்திருந்தது. அது என்னைப் பார்த்தது. அதற்குப் பெயர் எனக்குத் தெரியும். நாக்கில் வரவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை." பிறகு என்னிடம் கேட்டார். "அவர் அதை என்னவென்று சொல்கிறார்? நீங்கள் மொழிபெயர்த்தது வேண்டாம். அவர் சொல்லும் சொல்."

கேட்டேன்.

"ஜன்னலுக்கு வெளிய இன்னும் இருட்டாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார் அவர். பிறகு, வாசலில் நின்றவரைப் பற்றி முதல் நாள் போனில் சொன்ன அதே சொல்லைச் சொன்னார்.

அதை நான் மாற்றவில்லை. அப்படியே சொன்னேன். "எங்கள் ஊரில்..." என்று ஆரம்பித்து, யாரை அப்படிச் சொல்வோம், எப்போது சொல்வோம், ஏன் பெயர் சொல்ல மாட்டோம் என்று டாக்டருக்கு முழுதாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அந்தச் சொல்லை அவரே சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை, கொஞ்சம் உரக்க.

"வேணாம்னு சொல்லு தங்கச்சி" என்றார் நோயாளி அவசரமாக. "இருட்டு வெலகட்டும். அம்புட்டுச் சத்தமாச் சொல்ல வேணாம்னு சொல்லு."

சொன்னேன்.

"மன்னிக்கவும்" என்றார் டாக்டர். அதன் பிறகு மூச்சை இழுக்கும்போது எந்தப் பக்கம் வலிக்கிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று அவர் கேட்ட அத்தனை கேள்விகளையும் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதே குரலில் பதில் சொன்னோம்.